வடுவும் நிணமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழில் 'வடு' என்னும் சொல் தழும்பைக் குறிக்கும், பழியைக் குறிக்கும், மாமரத்தின் பிஞ்சையும் குறிக்கும். தழும்புக்கும் பழிக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது பொருளைப் பற்றி வகுப்பில் மாணவர் ஒருவர் வினவியபோது நம்மிடம் விடை இருக்கவில்லை. பிஞ்சு இனி வளரப்போவது, தழும்பு வளர்ந்து முடிந்தது, இரண்டுக்கும் ஒரு சொல் எப்படிப் பொருந்தும் என்பது அவர் கேள்வி. சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இவற்றை வெவ்வேறு வேர்களுக்கு உரியனவாகக் காட்டக்கூடும். ஆயினும், தழும்பு முடிந்துபோன ஒன்று என்ற எண்ணமே பிழையானது என்பதை அண்மையில்தான் நாம் அறிந்துகொண்டோம்.

அறிந்துகொள்ள நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுவோம். நமக்கு நெருங்கிய ஒருவர் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்துகொண்டார். லைப்போசக்‌ஷன் என்று எல்லோரும் அறிந்த சிகிச்சைதான். வெளியே தெரிந்தவை மிளகளவில் மூன்று துளைகளின் அடையாளங்கள் மட்டுமே. ஆறாவது வாரத்தில் தோலுக்கடியில் கயிறு திரித்ததுபோல ஏதோ தட்டுப்படுவதாகக் கூறினார். "கொழுப்பை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது என்ன?" என்று கேட்டார். மருத்துவமனை அச்சிட்டுக் கொடுத்த தாளில் அதற்கு விடை இல்லை. விடை தேடி நூல்களைப் புரட்டிய நாம், ஒரு நீண்ட வரலாற்றுக்குள் சென்று விழுந்தோம். கொழுப்பு, தழும்பு, கொலாஜன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்த வரலாறு அது.

திறந்துகொண்ட பழம்புண்

1740-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆன்சன் என்னும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆறு போர்க்கப்பல்களுடன் புறப்பட்டார். 1741-இல் தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றும்போது ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 1748-இல் வெளிவந்த அப்பயணத்தின் வரலாற்று நூல் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறது. ஆன்சனின் 'செஞ்சூரியன்' கப்பலில் ஒரு முதிய படைவீரர் இருந்தார். 1690-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர். விரைவில் ஆறிய அக்காயம் ஐம்பது ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தரவில்லை. ஸ்கர்வி தாக்கியதும், ஒருபோதும் ஆறாத புண்போல அது மீண்டும் திறந்துகொண்டது. நெடுநாள் முன் ஒட்டிச் சேர்ந்த எலும்பு முறிவு மறுபடி விட்டுப்போன செய்தியும் அதே நூலில் உண்டு.

இன்று நமக்குக் காரணம் தெரியும். தழும்பு என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. 'பசை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். எலும்பையும் தோலையும் காய்ச்சினால் வச்சிரம் கிடைப்பது இதனால்தான். உடல் இப்புரதத்தை ஒருமுறை நெய்து விட்டுவிடுவதில்லை. தழும்பில் பழைய இழைகள் அறுபட்டுக்கொண்டும் புதியவை நெய்யப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. நெய்வதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது தீர்ந்ததும் நெசவு நின்றது. அறுப்பு மட்டும் தொடர்ந்தது. ஐம்பது ஆண்டுத் தழும்பு சில வாரங்களில் கரைந்தது. அந்த முதியவரின் உடல் அரைநூற்றாண்டுக் காலம் நாள்தோறும் அந்தக் காயத்தை மூடிக்கொண்டே இருந்திருக்கிறது.

கிண்டியில் அவிழ்ந்த முச்சுருள்

இவ்வரலாற்றில் சென்னைக்கு உரிய ஓர் இடம் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பியிருந்த ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னாலுடன் நிகழ்ந்த உரையாடலில், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருப்பது பேச்சில் வந்தது. உடலிலுள்ள புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன்தான். அதன் வடிவம் யாருக்கும் தெரியவில்லை.

தோல் என்பதே கொலாஜன் அல்லவா? 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே அடையாற்றில் இருந்தது. ஆய்வுக்குரிய மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு 1954-இல் 'நேச்சர்' இதழில் தம் விடையை வெளியிட்டனர். மூன்று புரதச் சங்கிலிகள் கயிறுபோலத் தம்முள் முறுக்கிக்கொண்ட முச்சுருள் வடிவம் அது. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருப்பது ஏன் என்பதற்கும் அதில் விளக்கம் கிடைத்தது. சுருளின் உட்புறத்தில் வேறெதற்கும் இடமில்லை. 1955-இல் அவர்களே அம்மாதிரியைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கிவிடுவதாகக் குறை கூறி வேறொரு திருத்தத்தை முன்வைத்தனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த விவாதத்திலிருந்துதான் 1963-இல் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் நாள்தோறும் பயன்படுத்துவது அது.

நம் நண்பர் கயிறு திரித்ததுபோல என்று சொன்னபோது அவருக்கு இவ்வரலாறு தெரியாது. ஆனாலும் உவமை பிழையில்லை.

குழியை நிரப்பிய கொழுப்பு

கொழுப்பை அழகுக்காக எடுப்பது பிந்திய வழக்கம். கொழுப்பை வைப்பதே முந்தியது. அதுவும் தழும்புக்காகவே தொடங்கியது என்பது வியப்பளிக்கும் செய்தி. 1893-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் குஸ்டாவ் நொய்பர், எலும்பு நோயால் கண்ணுக்குக் கீழே குழிவிழுந்து ஒட்டிப்போயிருந்த தழும்பொன்றைச் சரிசெய்ய, கையிலிருந்து கொழுப்புத் துண்டுகளை எடுத்து அதனடியில் வைத்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1895-இல், ஹைடல்பர்கில் வின்சென்ஸ் செர்னி என்பவர் மார்பில் கட்டி அகற்றப்பட்ட ஒரு பெண்ணின் குறையை நிரப்ப, அவருடைய உடலிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக்கட்டியை எடுத்துப் பொருத்தினார்.

ஆனால் கொழுப்பு நம்பத்தக்கதாக இல்லை. வைத்ததில் ஒரு பகுதி கரைந்துவிடும். கரையாத பொருளைத் தேடியவர்களுக்கு மெழுகு கிடைத்தது. 1899-இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் வகைப் பொருளை ஊசிவழிச் செலுத்தத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பாவின் நாகரிகமாயிற்று. பேரழகி எனப் புகழ்பெற்ற கிளாடிஸ் டீக்கன் தம் இருபத்திரண்டாம் வயதில் மூக்குத்தண்டு நேராக அமைய மெழுகு செலுத்திக்கொண்டார். பின்னாளில் மார்ல்பரோ கோமகள் ஆனவர் அவர். மெழுகு நின்ற இடத்தில் நிற்காமல் கீழிறங்கி முகத்தைச் சிதைத்தது. பலருக்கு அதைவிடக் கொடியது நேர்ந்தது. வெளியேற்ற முடியாத அந்நியப் பொருளை உடல் கொலாஜன் சுவரெழுப்பிச் சிறை வைத்தது. கல்போன்ற கட்டிகள் தோன்றின. மருத்துவ நூல்களில் அவற்றுக்குப் 'பாரஃபினோமா' என்று தனிப்பெயரே உண்டு.

முதல் உலகப்போர் சிதைந்த முகங்களை ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. கொழுப்பு மீண்டும் மதிப்புப் பெற்றது. 1919-இல் எரிக் லெக்சர் உறுப்பு ஒட்டுதல் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டபோது அதில் கொழுப்புக்குச் சிறப்பிடம் இருந்தது. 1950-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டன் பியர் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கின்படி, ஒரே துண்டாக வைக்கப்பட்ட கொழுப்பு ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறைந்த பாதி எங்கே போகிறது, அதன் இடத்தில் என்ன வருகிறது என்பதே அடுத்த அறுபது ஆண்டுகளின் கேள்வி.

பாரிஸ் நகரத்து வழக்கு

கொழுப்பை எடுக்கும் வரலாறு ஒரு பேரிழப்பில் தொடங்குகிறது. 1920-களில் பாரிஸில் சார்ல் துஜாரியே என்னும் தேர்ந்த அறுவை மருத்துவரிடம் இளம்பெண் ஒருவர் வந்தார். தம் கால்கள் பருமனாக இருப்பதாக அவருக்குக் குறை, நோய் எதுவுமில்லை. மருத்துவர் காலின் கொழுப்பை அகற்றினார். இரத்த ஓட்டம் கெட்டுக் கால் அழுகியது; இறுதியில் வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. 1929-இல் நீதிமன்றம் அப்பெண்ணுக்கு 200,000 பிராங்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நலமாயுள்ள ஓர் உறுப்பில், தோற்றத்தைத் திருத்துவதற்காக மட்டும், ஆபத்துள்ள அறுவையை மேற்கொண்டதே குற்றம் என்பது அத்தீர்ப்பின் சாரம். அழகு மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும் கொழுப்பின் பக்கம் போக அதன்பின் நெடுங்காலம் பலருக்குத் துணிவு வரவில்லை.

இவ்வழக்கை மருத்துவர்கள் பலரும் ஓர் அச்சுறுத்தும் கதையாக மட்டுமே குறிப்பிடுகிறார்கள். நமக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கொழுப்பு வேண்டாத சுமை, சுரண்டி எறியத்தக்கது என்ற எண்ணம் அது. கொழுப்புத் திசுவினூடே குருதிக்குழாய்கள் செல்கின்றன, நரம்புகள் செல்கின்றன. கொலாஜன் இழைகளாலான தடுப்புகள் அதை ஆரஞ்சுச் சுளைபோலச் சிறு சிறு அறைகளாகப் பிரித்துத் தோலையும் தசையையும் பிணைக்கின்றன. கொழுப்பை மட்டும் தனியே எடுப்பது என்று ஒன்று இல்லை.

மழுங்கிய குழாய்

இதை உணர்ந்து அதற்கேற்பக் கருவி செய்தவர்கள் ரோம் நகரத்து அர்பாத் ஃபிஷரும் அவர் மகன் ஜார்ஜியோ ஃபிஷரும். 1974-இல் அவர்கள் உறிஞ்சு கருவியுடன் இணைந்த குழாயை உருவாக்கினார்கள். 1977-இல் பாரிஸின் இவ் ஜெரார் இலூஸ் அதைத் திருத்தினார். முதுகில் கொழுப்புக்கட்டி இருந்த ஒரு பெண் நீண்ட தழும்பு விழக்கூடாது என்று கேட்டுக்கொண்டதுதான் அவருடைய தூண்டுதல். நுனி மழுங்கிய குழாயைச் சிறு துளைவழிச் செலுத்தி, உப்புநீர்க் கரைசலால் திசுவை நெகிழ்த்தி, உறிஞ்சி எடுத்தார். கூரிய கருவி எதிர்ப்பட்டதையெல்லாம் அறுக்கும். மழுங்கிய குழாய் மென்மையான கொழுப்பை உடைத்துக்கொண்டு, குருதிக்குழாய் தாங்கிய இழைத்தடுப்புகளைப் பெரும்பாலும் விட்டுச்செல்லும். துஜாரியேயின் காலத்தில் இல்லாத அறிவு இதுவே. 1987-இல் கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி கிளைன், உணர்வுநீக்கி மருந்தை மிகவும் நீர்க்கவைத்துப் பெருமளவில் செலுத்தும் முறையை வெளியிட்டார். குருதியிழப்பு வெகுவாகக் குறைந்தது. அதன்பின் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது.

தழும்பு வேண்டாம் என்ற வேண்டுகோளிலிருந்து பிறந்த இம்முறை தழும்பை ஒழித்ததா? தோலின்மேல் ஏறக்குறைய ஒழித்தது. தோலுக்கடியில் நிகழ்ந்தது வேறு. குழாய் முன்னும் பின்னும் செல்லும் ஒவ்வொரு தடமும் ஒரு சுரங்கம். ஒவ்வொரு சுரங்கமும் ஒரு புண். புண் ஆறும் விதி எங்கும் ஒன்றுதான். முதலில் குருதி உறையும்; விழுங்கணுக்கள் வந்து சிதைவுகளை அகற்றும்; சில நாட்களில் நார் நெய்யும் உயிரணுக்கள் வந்து மூன்றாம் வகைக் கொலாஜனை அவசரமாக இழைக்கும்; பிறகு பல மாதங்களில் அது வலிமைமிக்க முதல் வகைக் கொலாஜனாக மாற்றி நெய்யப்படும். 1971-இல் ஜியூலியோ கபியானியும் கூட்டாளிகளும் அந்த நார் உயிரணுக்களில் சில தசைபோலச் சுருங்கவல்லவை எனக் கண்டறிந்தனர். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று அவற்றுக்குப் பெயர்.

இந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் சிகிச்சையே பயன்படாது. கொழுப்பு நீங்கியபின் தொங்கவேண்டிய தோல் உள்ளே இழுக்கப்பட்டு உடலோடு படிவதில் புதிய கொலாஜனுக்குப் பங்குண்டு. அளவோடு நிகழ்ந்தால் அது வேண்டிய இறுக்கம். சீராக நிகழாவிட்டால் கட்டி, மேடு, பள்ளம். தோலுக்கு மிக அருகில் கொழுப்பை முற்றாக எடுத்துவிட்டால் தோல் கீழுள்ள உறையோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே நம் நண்பருக்கான விடை இதுதான்: அந்தக் கயிறு அவரே நெய்தது, பெரும்பாலும் மாதங்கள் செல்லச்செல்ல இளகும், சிலருக்கு முழுதும் இளகாது. இதை முன்கூட்டிச் சொல்லவேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு.

தழும்புக்கு மருந்தான கழிவு

உறிஞ்சி எடுத்த கொழுப்பு வாளியில் கொட்டப்பட்டது. அதை மீண்டும் உடலிலேயே செலுத்தினால் என்ன என்று 1980-களில் சிலர் எண்ணினர். மார்பகத்தில் செலுத்தியபோது எதிர்ப்புக் கிளம்பியது. 1987-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் அதைக் கண்டித்தது. காரணம் வலுவானது. செலுத்திய கொழுப்புக்குக் குருதிக்குழாய் இல்லை. சுற்றிலுமிருந்து ஊறிவரும் உயிர்வளியைக் கொண்டே அது பிழைக்கவேண்டும். திரளாக வைத்தால் நடுப்பகுதி செத்து எண்ணெய்த் துளியாகிறது. உடல் அதைச் சுற்றிக் கொலாஜன் உறை எழுப்புகிறது. நாளடைவில் அதில் சுண்ணாம்பு படிகிறது. மேமோகிராம் படத்தில் அப்படிவு புற்றுநோயின் அறிகுறியோடு குழம்பலாம் என்று அஞ்சினார்கள்.

நியூயார்க்கின் சிட்னி கோல்மன் வழிமுறையை மாற்றினார். மெல்லிய குழாயால் மிகச் சிறு அளவுகளில், பல தடங்களில், பல அடுக்குகளில் கொழுப்பை இழைத்தார். 2012-இல் டோக்கியோவின் கோத்தாரோ யோஷிமுராவின் குழுவினர் சுண்டெலிகளில் செய்த ஆய்வு இதன் காரணத்தைத் தெளிவாக்கியது: வைத்த துண்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வரையிலுள்ள கொழுப்பணுக்களே பிழைக்கின்றன. அடுத்த வளையத்தில் கொழுப்பணுக்கள் மடிந்தாலும் ஸ்டெம் செல்கள் பிழைத்துப் புதியவற்றை ஆக்குகின்றன. நடுவில் எதுவும் பிழைப்பதில்லை.

கோல்மன் எதிர்பாராத ஒன்றையும் கண்டார். கொழுப்பு வைத்த இடத்தின் மேலுள்ள தோல் மென்மையாயிற்று. பழைய தழும்புகள் இளகின. 2006-இல் கொழுப்பு வெறும் நிரப்புபொருளுக்கு மேற்பட்டது என அவர் எழுதினார். 2007-இல் இத்தாலியின் வெரோனாவில் ஜினோ ரிகோட்டி இருபது நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுப் பெற்று, மரப்பட்டைபோல் இறுகிய தோலும் ஆறாப் புண்ணுமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். உறிஞ்சி எடுத்த கொழுப்பைத் தூய்மை செய்து அவ்விடங்களில் செலுத்தியபோது பெரும்பாலானோர் நலம் பெற்றனர். 2009-இல் அமெரிக்கச் சங்கம் தன் பழைய கண்டனத்தைக் கைவிட்டு, எச்சரிக்கையோடு ஏற்றுக்கொண்டது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் வாளியில் கொட்டிய கழிவு, நோயில் வெந்த ஒருவரின் மார்புத் தழும்பை இளக்கும் மருந்தாயிற்று என்பது சிறிய செய்தியன்று.

பழைய பேராசையும் உடன் வந்தது. பிட்டத்தைப் பெரிதாக்கக் கொழுப்பைத் தசைக்குள் செலுத்தியபோது, அது பெருஞ்சிரைகளில் புகுந்து நுரையீரலை அடைத்துப் பலர் இறந்தனர். 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கக்கூடும் என மதிப்பிட்ட மருத்துவச் சங்கங்கள், தசைக்குள் செலுத்தவே கூடாது என்று 2018-இல் அறிவுறுத்தின. பாரிஸ் வழக்கு முடிந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரே குடும்பம்

கொழுப்பு ஏன் தழும்பை இளக்குகிறது? 1964-இல் மார்ட்டின் ராட்பெல் எலியின் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பணுக்களைப் பிரிக்கும் வழியைக் கண்டார். கொலாஜனைச் செரிக்கும் நொதியைச் சேர்த்தால் பிணைப்பு அவிழ்ந்து கொழுப்பணுக்கள் மேலே மிதக்கும். மற்றவை அடியில் படியும். மிதந்தவற்றைக் கொண்டு அவர் ஆய்வைத் தொடர்ந்தார். அவ்வழியே சென்று 1994-இல் நோபல் பரிசும் பெற்றார். அடியில் படிந்த மண்டியில் இருந்ததை 2001-இல் பெட்ரீஷியா சுக்கும் குழுவினரும் மனிதக் கொழுப்பைக் கொண்டு விளக்கினர். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்கள் அதில் இருந்தன.

2015-இல் சிகாகோ ஆய்வாளர்கள், தோல் இறுகும் நோயைச் சுண்டெலிகளில் உண்டாக்கியபோது கொழுப்பணுக்களே நார் நெய்யும் உயிரணுக்களாக மாறுவதைக் கண்டனர். 2017-இல் மாக்சிம் பிளிக்குஸ், ஜார்ஜ் காட்சரேலிஸ் ஆகியோரின் குழுவினர் இதன் மறுபக்கத்தைக் காட்டினர். சுண்டெலியின் பெரும்புண்ணில் புதிய மயிர்க்கால்கள் தோன்றினால், அவை அனுப்பும் குறிப்பை ஏற்றுத் தழும்பின் மயோஃபைப்ரோபிளாஸ்டுகள் கொழுப்பணுக்களாக மாறுகின்றன. மயிர்க்கால் தோன்றாத இடத்தில் தழும்பு தழும்பாகவே நிற்கிறது. மனிதரிடம் இதை நிகழ்த்திக்காட்டும் சிகிச்சை இன்னும் வரவில்லை.

கொழுப்பும் தழும்பும் பகைவர் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஒன்று மென்மை, மற்றது வன்மை. அவை ஒரே குடும்பத்தார் என்பதும், ஒருவர் மற்றவராக மாறும் வழி அடைபடவில்லை என்பதும் இப்போது தெரிகிறது. நம் நண்பருக்கு இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் பாதியை முன்பே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்" என்றார். செய்திருக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் நாம் கவனித்தோம்.

மாணவரின் கேள்விக்கு இலக்கணப்படி நம்மிடம் இன்றும் விடை இல்லை. ஆனால் தழும்பு வளர்ந்து முடிந்தது என்று அவர் சொன்னபோது நாம் தலையசைத்தோமே, அதை மட்டும் அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்லவேண்டும்.